உபதேசமும் வைத்தியமும்

"தோட்டத் தொழிலாளி குடியால் அழிகிறான், குடியை விட்டொழித்தால் அவன் வாழ்வு மலரும்" என்று மேடைதோறும் முழங்குவோருக்குப் பதுளை மாவட்டத்தில் பஞ்சமில்லை. நமது ஆசிரியர் ஓய்வறைகளிலும் இக்குரல் ஒலிக்கிறது. தோட்டங்களை அண்டித் தவறணைகளுக்கு இடங்கொடுத்துச் சாராயக் குத்தகையால் கருவூலத்தை நிரப்பிய வெள்ளையராட்சியைப் பற்றியோ, மது வரியைக் கைவிட மனமில்லாத பிற்கால அரசுகளைப் பற்றியோ இப்பெரியோர் வாய் திறப்பதில்லை. குற்றம் முழுவதும் லயத்தில் வாழ்பவனுடைய குணத்தில்தானாம்!

அவர்கள் காட்டும் மருந்துதான் என்ன? கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம். ஆண்டுக்கணக்காக நாள்தோறும் குடித்துப் பழகிய உடல் திடீரென்று அதை நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் சித்தம் கலங்கி உயிரும் போகலாம். அந்த முதல் நாட்களில் வேண்டுவது வைத்தியரின் கண்காணிப்பு. சத்தியம் வாங்கியவர் அப்போது எங்கே நிற்பார்? நடுக்கம் தாளாது அவன் மீண்டும் கசிப்பைத் தேடிப் போனால், "வாக்குத் தவறியவன்" என்று வசைபாட மட்டும் வந்து சேருவார்.

இன்னொரு சாரார் "அங்கொடைக்கு அனுப்பு" என்பர். 1873ஆம் ஆண்டின் சட்டம் உளநோயாளரை நீதிமன்ற வழியாக அடைத்து வைக்கும் வகையையே பெரிதும் கண்டது. அங்கொடை வைத்தியசாலை தேசிய மனநல நிறுவனம் என்று பெயர் மாறிய பின்னும், ஊரார் வாயில் அவ்வூர்ப்பெயர் வசைச்சொல்லாகவே வழங்குகிறது. சிகிச்சையை மக்கள் வாழுமிடத்துக்குக் கொண்டுசெல்லும் நெறியை 2005ஆம் ஆண்டின் தேசிய உளநலக் கொள்கை ஏற்றது.

தீவிர வெளிநோயாளர் சிகிச்சை என்று பிறநாடுகளில் வழங்கும் முறை இந்நெறிக்குப் பொருந்துவதே. நோயாளி வீட்டிலேயே இருப்பார். வாரம் மூன்று நாளேனும், நாளுக்கு மூன்று மணிநேரமளவில், பல வாரங்கள் வந்து போவார். குழுவாக அமர்ந்து பேசுவர், குடும்பத்தையும் அழைப்பர், குடியோடு பின்னிக் கிடக்கும் மனச்சோர்வுக்கும் அச்சத்துக்கும் சேர்த்தே வைத்தியம் செய்வர்.

நமக்கேற்றது கிடைத்தது என்று மகிழுமுன் ஒரு கணக்குப் போடுவோம். மனச்சோர்வுற்ற ஒரு பெண், மடுல்சீமையில் கொழுந்தெடுப்பவள், பசறை வழியாகப் பதுளைப் போதனா வைத்தியசாலைக்கு வந்து திரும்பினால் அன்றைய பேர் விழாது. 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. அந்தக் கணக்கிலேயே வாரம் மூன்று நாளுக்கு 4,050 ரூபா இழப்பு. பேருந்துக் கட்டணம் வேறு. பேச்சே மருந்தாகும் சிகிச்சையில் எதிரே இருப்பவர் தமிழறியாதவராயின், அவள் வந்தும் வராதவளே.

ஆகவே பசறையிலும் லுணுகலையிலும் ஹப்புத்தளையிலும், அண்மையிலுள்ள அரசாங்க வைத்தியசாலைகளிலேயே, தமிழில் இது நடைபெற வேண்டும். சிகிச்சைக்குச் சென்ற நாளுக்குச் செக்றோலில் முழுப்பேர் விழ வேண்டும். 1992இல் தோட்ட நிருவாகத்தை ஏற்ற கம்பனிகள் இதை வீண்செலவு என்னும். அது அவர்களின் வழக்கம். சம்பளப் பேச்சுக்குச் செல்லும் தொழிற்சங்கத் தலைவர்கள் என்ன சொல்வார்கள்? சந்தாவைச் செக்றோலிலேயே பிடித்துக்கொள்ள வழி கண்டவர்களுக்கு, அதே ஏட்டில் இன்னொரு வரி எழுதச் செய்வது ஆகாத காரியமா?