கூட்டினால் பலம் கூடுமா?

மாணவ நண்பர்களே, மலைப் பாதையில் ஏறும் ஜீப் ஒன்றை எப்போதாவது குனிந்து அடிப்பக்கமாகப் பார்த்திருக்கிறீர்களா? எஞ்சினுக்குக் கீழே எண்ணெய்த் தொட்டி தொங்கிக்கொண்டிருக்கும். அதற்குப் பின்னால் கியர் பெட்டி. இவற்றுக்கும் பாதையில் கிடக்கும் கற்களுக்கும் இடையே ஒரு சாண் இடைவெளிதான். கல்லொன்று மோதித் தொட்டி விரிசல் விட்டால் எண்ணெய் முழுவதும் வழிந்துவிடும். எண்ணெய் இல்லாத எஞ்சின் சில நிமிடங்களிலேயே சூடேறி இறுகி நின்றுவிடும். ஊருக்குள் இது ஒரு செலவு; அவ்வளவுதான். ஆனால் பல நூறு கிலோமீட்டருக்கு ஆளரவமற்ற ஆஸ்திரேலியாவின் உட்பகுதியிலோ, சகாராப் பாலைவனத்திலோ அது உயிர்ப் பிரச்சினை.

ஆகவேதான் நான்கு சக்கரங்களும் இயங்கும் இத்தகைய வண்டிகளுக்கு அடியில் எஃகாலான காப்புத் தகடு ஒன்றைப் பொருத்துகிறார்கள். அதுவும் போதாது என்று நினைப்பவர்கள் அந்த எஃகுத் தகட்டின் மேல் ஓர் அலுமினியத் தகட்டையும் சேர்த்துப் பூட்டிவிடுவதுண்டு. இது சரியான யோசனையா? வகுப்பில் கேட்டால், "ஒன்றைவிட இரண்டு பலமானது" என்ற விடைதான் முதலில் வரும். அந்த விடையில் பாதிதான் உண்மை என்பது என் கருத்து. மீதிப் பாதி எங்கே இருக்கிறது என்று பார்ப்போம்.

முதலில், அலுமினியத்தை ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள்? ஒரு கன சென்டிமீட்டர் எஃகின் எடை ஏறத்தாழ 7.85 கிராம். அலுமினியத்துக்கு 2.7 கிராம்தான். ஆனால் யங் குணகத்தைப் பாருங்கள். எஃகுக்குச் சுமார் 200 கிகாபாஸ்கல், அலுமினியத்துக்குச் சுமார் 70. அதாவது 20-க்கு 7 என்ற விகிதம். ஒரே கனமுள்ள தகடுகளில் அலுமினியம் மூன்று மடங்கு எளிதாக வளையும். அப்படியானால் அதில் என்ன பயன்?

பயன் கனத்தில் இருக்கிறது. தகட்டின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும். கனம் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு. 3 மி.மீ. எஃகுக்குக் கணக்கிடுங்கள்: 20-ஐ 27-ஆல் பெருக்கினால் 540. 6 மி.மீ. அலுமினியத்துக்கு 7-ஐ 216-ஆல் பெருக்கினால் 1,512. எடையோ, அரைச் சதுர மீட்டர் தகட்டுக்கு எஃகு 11.8 கிலோகிராம், அலுமினியம் 8.1 கிலோகிராம். குறைந்த எடையில் ஏறக்குறைய மூன்று மடங்கு விறைப்பு! காப்புத் தகட்டுக்கு விறைப்பு முக்கியம். தகடு உடையாமல் இருந்தால் மட்டும் போதாது. மேலே வளைந்து எண்ணெய்த் தொட்டியை இடிக்காமலும் இருக்க வேண்டும் அல்லவா?

இப்போது இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைப்போம். நான்கு மூலைகளில் மட்டும் போல்ட் போட்டிருக்கிறோம் என்று கொள்ளுங்கள். வளையும்போது இரண்டு தகடுகளும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். அப்போது விறைப்புகள் வெறுமனே கூடும்: 540-உம் 1,512-உம் சேர்ந்து 2,052. மொத்த எடை 19.9 கிலோகிராம், மொத்தக் கனம் 9 மி.மீ. நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அலுமினியமே வேண்டாமென்று 5 மி.மீ. எஃகுத் தகடு ஒன்றை மட்டும் போட்டிருந்தால்? 20-ஐ 125-ஆல் பெருக்குங்கள், 2,500. எடை 19.6 கிலோகிராம். அதே எடை, அதிக விறைப்பு, 4 மி.மீ. குறைந்த கனம்! பணமும் உழைப்பும் செலவிட்டு இரண்டாவது தகட்டைச் சேர்த்தவர், ஒரே தகட்டில் கிடைத்திருக்கக் கூடியதைக்கூடப் பெறவில்லை.

அதே இரண்டு தகடுகளையும் சற்றும் வழுக்காதபடி முழுப் பரப்பிலும் ஒட்டிவிட்டால் கதையே வேறு. அப்போது விறைப்பு ஏறக்குறைய 8,000 ஆகும், நான்கு மடங்கு! உலோகம் மாறவில்லை, எடை மாறவில்லை. இணைப்பு மட்டுமே மாறியது.

நம்ப முடியவில்லையா? நீங்களே செய்து பாருங்கள். ஒரே அளவான நான்கு அட்டைப் பட்டைகளை வெட்டிக்கொள்ளுங்கள். இரண்டைப் பசையில்லாமல் சும்மா அடுக்கி வையுங்கள். மற்ற இரண்டைப் பசை தடவி ஒட்டி, பாரம் வைத்து நன்றாகக் காயவிடுங்கள். ஒவ்வொரு ஜோடியையும் இரண்டு புத்தகங்களுக்கு இடையே பாலம்போல் வைத்து, நடுவில் சமமான நாணயங்களை அடுக்கி, எவ்வளவு தொய்கிறது என்று அளவுகோலால் அளந்து பாருங்கள். நன்கு ஒட்டிய ஜோடி, ஒட்டாத ஜோடியின் தொய்வில் கால் பங்கு அளவே தொய்ய வேண்டும்.

சரி, தகடுகளையும் அழுத்தமாக ஒட்டிவிடலாமே என்பீர்கள். அங்கே வெப்பம் குறுக்கிடுகிறது. 60 செ.மீ. நீளமுள்ள தகடு 50 டிகிரி செல்சியஸ் சூடேறினால் எஃகு சுமார் 0.36 மி.மீ. நீளும், அலுமினியம் சுமார் 0.69 மி.மீ. நீளும். இரண்டையும் அசையாமல் பிணைத்துவிட்டால் என்ன ஆகும்? இஸ்திரிப் பெட்டியின் தெர்மோஸ்டாட்டில் உள்ள ஈருலோகப் பட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். நம் காப்புத் தகடும் அப்படியே வளையும்; எஞ்சின் சூட்டிலும் இரவுக் குளிரிலும் மாறி மாறி வளைந்து ஒட்டுப் பிரியவும் கூடும். வழுக்கவிட்டால் விறைப்புப் போகிறது. இறுக்கிப் பிடித்தால் வெப்பம் சும்மா விடுவதில்லை.

இதுவரை பேசியது இயற்பியல். இனி வேதியியல் ஆசிரியரிடம் போவோம். மின்வேதி வரிசையில் அலுமினியத்தின் திட்ட மின்னழுத்தம் -1.66 வோல்ட், இரும்பினுடையது -0.44 வோல்ட். இரண்டும் தொட்டுக்கொண்டிருக்க, இடையில் உப்புக் கலந்த ஈரச் சேறு புகுந்தால் அது ஒரு மின்கலமே! இக்கலத்தில் கரைவது அலுமினியம். தனியாக இருக்கும்போது அதன் ஆக்சைடு படலம் அதைக் காத்து நிற்கும். உப்பு அந்தப் படலத்தைத் துளைத்துவிடும்; எஃகின் தொடர்பு அரிமானத்தை விரைவாக்கும். வெண்பொடியாகப் பூக்கும் அரிமானப் பொருள் முன்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொண்டு, தகடுகளையே பிரித்துத் தள்ளும்.

இது வெறும் ஏட்டுப் பாடமல்ல. 1761-இல் பிரிட்டிஷ் கடற்படை 'அலார்ம்' என்ற கப்பலின் அடிப்பகுதிக்கு, மரத்தைத் துளைக்கும் கடற்புழுக்களிடமிருந்து காக்கச் செப்புத் தகடு போர்த்தியது. கப்பல் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய்த் திரும்பியபின் 1763-இல் சோதித்தார்கள். தகட்டைப் பிடித்திருந்த இரும்பாணிகள் பல அரித்துப் போயிருந்தன. சில ஆணிகள் மட்டும் நன்றாக இருந்தன. காரணம் என்ன தெரியுமா? செம்பைச் சுற்றி வந்த பழுப்புக் காகிதம் அந்த இடங்களில் மட்டும் செம்புக்கும் இரும்புக்கும் நடுவே சிக்கிக்கொண்டிருந்தது! வோல்ட்டா தம் மின்னடுக்கை அறிவிப்பதற்கு 37 ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு காகிதத் துண்டு நமக்குப் பாடம் சொல்லிவிட்டது.

நம் சொந்த உலோக ஜோடிக்கே சான்று வேண்டுமானால் 1948-இல் இங்கிலாந்தில் வெளிவந்த லேண்ட் ரோவரைப் பாருங்கள். போருக்குப் பிந்தைய எஃகுத் தட்டுப்பாட்டினால் அதன் உடற்பகுதியை அலுமினியக் கலவையில் செய்து, எஃகுச் சட்டத்தின்மேல் ஏற்றினார்கள். அந்த வண்டிகள் பல, பத்தாண்டுகள் பல கடந்தும் ஓடின. ஆனால் குளிர்காலத்தில் சாலைகளில் உப்புத் தூவும் அந்நாட்டில், அலுமினியமும் எஃகும் சந்திக்கும் விளிம்புகளில்தான் வெண்பொடி பூத்தது. இரண்டு உலோகங்கள் சேர்ந்து வாழ முடியும். சந்திக்கும் இடத்தை மட்டும் யாராவது கவனித்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே என் தீர்ப்பு இதுதான். எஃகு இருக்கும் இடத்தின்மேல் அலுமினியத்தை அடுக்காதீர்கள். எஃகு இல்லாத இடத்துக்கு அதைக் கொண்டுபோங்கள். எஞ்சினுக்கு மட்டும் எஃகுக் காப்பு இருந்து கியர் பெட்டி திறந்து கிடந்தால், அந்த வெற்றிடத்தை மூடக் கனமான அலுமினியத் தகடு மிகவும் ஏற்றது. எடை குறைவு, கனத்தினால் விறைப்பு மிகுதி. கற்கள் அடிக்கடி உராயும் முன்பகுதியில் கடினமான எஃகே இருக்கட்டும். மென்மையான அலுமினியத்தைக் கல் உழுதுவிடும்.

இரண்டும் சந்திக்கும் விளிம்பில் மட்டும் நான்கு காரியங்கள் செய்ய வேண்டும். இடையில் நைலான் பட்டை வைத்து, போல்ட்டுக்கும் நைலான் புஷ்ஷும் வாஷரும் போடுங்கள். வெப்ப விரிவுக்காக அலுமினியத்தின் துளையைச் சற்று நீளமாக வெட்டுங்கள். சேறு தங்காமல் வடியத் துளை விடுங்கள். வண்ணம் பூசும்போது இரண்டுக்கும் பூசுங்கள். அலுமினியத்துக்கு மட்டும் பூசினால், அதில் விழும் ஒரு சிறு கீறலின்மேல் பெரிய எஃகுப் பரப்பின் விளைவு முழுவதும் குவிந்து, அங்கே ஆழமாக அரித்துவிடும். வண்டியில் ஏற்றும் முன், ஒரு டார்ச் பல்பையும் மின்கலத்தையும் கொண்டு இரண்டு தகடுகளுக்கும் இடையே சோதியுங்கள். பல்பு எரிந்தால் எங்கோ உலோகம் உலோகத்தைத் தொடுகிறது என்று பொருள்.

நம் பாடநூல்களில் ஒவ்வொரு உலோகத்துக்கும் ஒரு வரிசை உண்டு: அடர்த்தி, உருகுநிலை, யங் குணகம், விரிவெண். அவற்றை நீங்கள் மனப்பாடமாகச் சொல்வீர்கள். ஆனால் "இந்த உலோகத்தின் பக்கத்தில் எது இருக்கிறது? இரண்டும் எப்படிச் சேர்ந்திருக்கின்றன?" என்ற கேள்விக்கு அந்த அட்டவணையில் கட்டம் இல்லை. பாலமும் கப்பலும் ஊர்தியும் பெரும்பாலும் பழுதாவது அந்தக் கட்டமில்லாத இடத்தில்தான். நாளை நீங்கள் பொறியாளராகலாம், மெக்கானிக்காகலாம், அல்லது வண்டி வாங்குபவராக மட்டும் இருக்கலாம். "எது பலமானது?" என்று கேட்டு நிறுத்திவிடாதீர்கள். "எப்படி இணைத்திருக்கிறீர்கள்?" என்றும் கேளுங்கள்.