நெய்யைச் சோதித்தால் மட்டும் போதாது

திருமலை லட்டு நெய் விவகாரத்தில் உரத்துக் கேட்கப்பட்டது தவறான கேள்வி. 2024 செப்டம்பரில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு விலங்குக் கொழுப்புக் குற்றச்சாட்டை வெளியிட்ட நாள்முதல், கலந்தது எந்தப் பிராணியின் கொழுப்பு என்பதே விவாதப் பொருளாயிற்று. புனிதம் கெட்டது என்றது ஒரு தரப்பு. அரசியல் அவதூறு என்றது மற்றொரு தரப்பு. அந்த நெய்யை உண்மையில் தயாரித்தவர் யார், வாங்கியவர் அதை எவ்வாறு உறுதி செய்துகொண்டார் என்ற கேள்வி ஓரத்தில் கிடந்தது. அந்தக் கேள்வி எழாதிருப்பது இரு தரப்புக்குமே வசதி.

2024 ஜூலையில் திண்டுக்கல் ஏ.ஆர். டெய்ரியின் பெயரில் வந்த நான்கு டாங்கர்களின் மாதிரிகள், குஜராத்தின் ஆனந்த் நகரிலுள்ள தேசிய பால்வள மேம்பாட்டு வாரியத்தின் ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டன. கொழுப்பின் டிரைகிளிசரைடு அமைப்பிலிருந்து கணக்கிடப்படும் 'எஸ் மதிப்பு', தூய பால்கொழுப்புக்குரிய வரம்புக்கு வெளியே இருந்தது. சோயா, சூரியகாந்தி, பனை எண்ணெய் தொடங்கி மீன் எண்ணெய், மாட்டுக்கொழுப்பு, பன்றிக்கொழுப்பு வரை கலந்திருக்கக்கூடியவற்றின் நீண்ட பட்டியலை அறிக்கை தந்தது. போதிய தீவனமில்லாத மாடுகளின் பாலிலும், எண்ணெய் மிகுந்த தீவனம் தின்ற மாடுகளின் பாலிலும் இம்மதிப்பு பிறழக்கூடும் என்ற எச்சரிக்கையும் அதிலேயே இருந்தது. "இது தூய பால்கொழுப்பாகத் தோன்றவில்லை" என்பதே அந்த எண்ணின் பொருள். மேடைகளோ பட்டியலிலிருந்து இரண்டு மூன்று சொற்களை மட்டும் பொறுக்கிக்கொண்டன. கடவுளை அரசியலுக்கு அப்பால் வைக்கும்படி உச்ச நீதிமன்றமே சொல்ல நேர்ந்தது.

2024 அக்டோபர் 4 அன்று அதே நீதிமன்றம், சிபிஐ இயக்குநரின் மேற்பார்வையில் ஐவர் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. குழு முன்வைத்த குற்றச்சாட்டுகள், அவை இனி விசாரணையில் நிரூபிக்கப்பட வேண்டியவை என்றபோதிலும், விவாதத்தின் திசையையே மாற்றியிருக்க வேண்டும். உத்தராகண்டின் ரூர்க்கி அருகே இயங்கிய போலே பாபா டெய்ரி 2022இல் கருப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதன் பின்னும் திருப்பதி மாவட்டத்து வைஷ்ணவி டெய்ரி, உத்தரப் பிரதேசத்து மால் கங்கா, திண்டுக்கல் ஏ.ஆர். டெய்ரி ஆகியவற்றின் பெயர்களில் அதன் சரக்கு திருமலைக்கு வந்துகொண்டே இருந்தது. 2019க்கும் 2024க்கும் இடையில் ஏறத்தாழ 68 லட்சம் கிலோ, மதிப்பு சுமார் 250 கோடி ரூபாய். இத்தனை நெய் 'தயாரித்த' அந்த ஆலை பாலோ வெண்ணெயோ வாங்கியதற்குச் சான்றில்லை என்கிறது குழு.

பால் வாங்காத ஆலையின் நெய் சோதனைகளில் எப்படித் தேறியது? நெய்யின் மரபான தர அளவுகோல்களுள் ஒன்று ரெய்கெர்ட்-மெய்சல் மதிப்பு. பால்கொழுப்பில் உள்ள பியூட்ரிக் அமிலம் போன்ற, நீரில் கரைந்து ஆவியாகும் அமிலங்களை அது அளக்கிறது. அந்த அமிலங்கள் எங்கிருந்து வந்தன என்று அது கேட்பதில்லை. பனை எண்ணெயோடு அசிட்டிக் அமில எஸ்டரைச் சேர்த்து அம்மதிப்பை உயர்த்தினார்கள், நிறத்துக்கு பீட்டா கரோட்டினும் மணத்துக்கு நெய்ச் சுவையூட்டியும் சேர்த்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வினாத்தாளை முன்கூட்டியே அறிந்த மாணவன் தேர்வில் தோற்பதில்லை.

டாங்கர்களின் கதை இன்னும் கசப்பானது. 2024 ஜூலையில் தேவஸ்தானம் நிராகரித்த நான்கு டாங்கர்களும் திண்டுக்கல்லுக்குத் திரும்பவேயில்லை. வைஷ்ணவி டெய்ரிக்கு அருகிலுள்ள கல் உடைக்கும் ஆலைக்குப் போய், பெயர்ச்சீட்டு மாற்றப்பட்டு, ஆகஸ்டில் மீண்டும் திருமலைக்கே வந்தன என்கிறது புலனாய்வுக் குழு. அது உண்மையெனில், நாட்டின் தலைசிறந்த ஆய்வகம் "கூடாது" என்று சொன்ன சரக்கு அடுத்த மாதமே உள்ளே வந்துவிட்டது. சோதனை தோற்கவில்லை, சோதனையின் முடிவைச் செயலாக்கும் பொறுப்பு யாருக்கும் இல்லாமல் போயிற்று.

தேவஸ்தானத்திடம் கலப்படம் கண்டறியும் ஆய்வகம் இல்லை, அதனால் ஏமாந்தது என்பது வழக்கமான சமாதானம். பால்வள வாரியம் 75 லட்சம் ரூபாய்க் கருவிகளை நன்கொடையாகத் தந்ததோடு சிக்கல் தீர்ந்தது என்பாரும் உளர். ஆனால் 2022இலேயே மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் நெய் மாதிரிகளில் பீட்டா சிட்டோஸ்டீராலைக் கண்டதாகப் புலனாய்வுக் குழு குறிப்பிடுகிறது. அது தாவர எண்ணெய்க்குரிய சேர்மம். தூய பசுநெய்யில் அதற்கு இடமில்லை. அறிக்கை இருந்தது, கொள்முதலும் தொடர்ந்தது. அப்படியானால் கருவி இல்லாமையைக் காரணமாகச் சொல்வது பொய்ச் சமாதானமே.

கருவி ஏதுமின்றியே எழுந்திருக்க வேண்டிய ஐயமும் ஒன்று உண்டு: விலை. ஏ.ஆர். டெய்ரி ஒப்புக்கொண்டது கிலோவுக்கு ஏறத்தாழ 320 ரூபாய். நான்கு விழுக்காடு கொழுப்புள்ள பசும்பாலில் ஒரு கிலோ நெய்க்குச் சுமார் 25 லிட்டர் பால் வேண்டும். கொழுப்பு நீக்கிய பாலைப் பொடியாக்கி விற்ற வருவாயைக் கழித்தாலும், ஆலைச் செலவும் போக்குவரத்தும் சேர்ந்தபின் அந்த விலை நிமிர்ந்து நிற்காது. கர்நாடகப் பால் கூட்டமைப்பு 2023இல் இந்த விலைப்போட்டியில் நிற்க முடியாது என்று விலகியது; பின்னர் அதே கூட்டமைப்பிடம் தேவஸ்தானம் 475 ரூபாய்க்கு வாங்கியது. மலையடிவாரத்துச் சித்தூர் கறவை மாடுகளுக்குப் பேர்போன சீமை. அங்கிருந்த கூட்டுறவுப் பால்பண்ணையோ 2002இல் மூடப்பட்டது. கண்ணெதிரே பால் கறக்கும் ஊரை விட்டுவிட்டு, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, எந்த மாட்டுப் பால் என்று தெரியாத நெய்யை மலிவு கருதி வாங்கிய நிர்வாகம், பிறகு தூய்மையைப் பற்றிப் பேசுவது விந்தை.

2014ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றியப் புகையிலைப் பொருள் நெறிமுறை, மின்சிகரெட் திரவத்தை விற்க விரும்பும் உற்பத்தியாளர் ஆறு மாதம் முன்னதாகவே சேர்பொருள், உமிழ்வு, நச்சுத்தன்மைத் தரவுகளை ஒப்படைக்க வேண்டும் என்கிறது. தரத்துக்கும் பாதுகாப்புக்கும் முழுப்பொறுப்பு தமதே என்று அவர் கையொப்பமிடவும் வேண்டும். புகைப் பழக்கத்துக்கான திரவத்துக்கே இந்த உறுதிமொழி. கோடிக்கணக்கானோர் கண்ணில் ஒற்றி உண்ணும் பிரசாதத்தின் நெய்க்கோ, உற்பத்தியாளரின் பெயரே மூன்று முகமூடிகளுக்குப் பின்னால்.

இது கோயிலோடு முடியும் சிக்கலன்று. காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரான கோல்ட்ரிப் இருமல் மருந்தில் 48.6 விழுக்காடு டைஎதிலீன் கிளைக்கால் இருந்தது 2025 அக்டோபரில் தெரியவந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 விழுக்காடு. மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாராவில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். அதன் பிறகே, உற்பத்தியாளர்கள் பலர் மூலப்பொருளின் ஒவ்வொரு தொகுதியையும் சோதிப்பதில்லை என்று தேசிய மருந்துக் கட்டுப்பாட்டாளர் சுற்றறிக்கை விடுத்தார். நெய்யில் ஏமாற்றம், மருந்தில் மரணம். இரண்டிலும் நோய் ஒன்றே. சான்றிதழை நம்பினார்கள், ஆலைக்குள் நுழைந்து பார்க்கவில்லை.

2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைச் சட்டம் உற்பத்தியாளர், பொட்டலமிடுபவர், விநியோகிப்பவர், விற்பவர் ஒவ்வொருவரின் பொறுப்பையும் 27ஆம் பிரிவில் தனித்தனியே வகுத்திருக்கிறது. புதுச் சட்டம் வேண்டியதில்லை. ஒப்பந்தம் கோரும் நிறுவனம் தன் பெயரில் நெய் எந்த ஆலையில் உருகியது என்பதையும், அந்த ஆலையின் அன்றாடப் பால் கொள்முதல் கணக்கையும் காட்ட வேண்டும். கருப்புப் பட்டியல் பெயர்ப்பலகையை மட்டுமல்லாது ஆலையையும் உரிமையாளரையும் தொடர வேண்டும். நிராகரித்த டாங்கர் உணவுப் பாதுகாப்புத் துறையின் முத்திரையோடு மட்டுமே வாசலைத் தாண்ட வேண்டும். ஒவ்வொரு தொகுதியின் ஆய்வு முடிவும் பொதுவெளியில் வைக்கப்பட வேண்டும். உற்பத்திச் செலவுக்குக் கீழே வரும் விலைப்புள்ளியைச் சலுகையாக அல்லாமல் எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும்.

இவற்றில் ஒன்றுக்கும் கோடிகள் தேவையில்லை. வாங்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பவர் தம் கையொப்பத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற ஏற்பாடு மட்டுமே தேவை. இதுவரை நடந்த சண்டைகள் அனைத்தும் அந்த ஏற்பாட்டைத் தவிர மற்றெல்லாவற்றையும் பேசின.