ஏரி மட்டும் போதாது, வரத்துக்காலும் வரைபடத்தில் வேண்டும்

சென்னைப் பெருநகரப் பகுதியின் பரப்பு 2022-ஆம் ஆண்டு 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களிலும், ராணிப்பேட்டை மாவட்டத்தின் அரக்கோணம் பக்கத்திலும் நெல் விளையும் ஊர்கள் பல இந்த எல்லைக்குள் வந்துவிட்டன. எல்லைக்குள் வந்ததாலேயே நாளைக்கு உங்கள் நிலம் போய்விடாது. ஆனால் எந்த சர்வே எண் வேளாண் நிலம், எது குடியிருப்பு, எங்கே சாலை என்பதையெல்லாம் இனி நில உபயோகத் திட்டங்கள்தான் முடிவு செய்யும். அதில் உங்கள் ஊர் ஏரிக்குத் தண்ணீர் வரும் பாதை இருக்குமா என்பதுதான் இப்போது கேட்க வேண்டிய கேள்வி.

திட்ட வரைபடத்தில் ஏரிக்கு நீல நிறம் பூசிவிடுவார்கள். அது போதாது. மேட்டு நிலத்தில் விழும் மழை ஓடை வழியாகச் சித்தேரிக்கு வருகிறது. அது நிரம்பியதும் கலங்கல் வழிந்து, கால்வாய் வழியே பெரிய ஏரிக்குப் போகிறது. அதன் உபரி நீர் அடுத்த ஊர் ஏரிக்கு. மேய்க்கால் புறம்போக்கு, தாங்கல், குட்டை, ஓடைக் கரை மரங்கள் என எல்லாம் சேர்ந்த ஒரே அமைப்பு இது. நடுவில் இருபது அடி கால்வாயை மூடி மனை போட்டால், கீழே உள்ள நூறு ஏக்கர் ஆயக்கட்டு தரிசாகும். மழைக்காலத்தில் அதே தண்ணீர் மனைகளுக்குள் புகும்.

பள்ளிக்கரணை இதற்குக் கண்முன் உள்ள சாட்சி. தென்சென்னையின் பல ஏரிகளில் வழியும் நீர் அந்தச் சதுப்பு நிலத்தில் தங்கி, ஒக்கியம் மடுவு வழியாக வெளியேறும். ஏரிகளை இணைத்த கால்வாய்கள் குறுகின. சதுப்பு நிலமும் பெருமளவு சுருங்கியது. 2015-லும் 2023-லும் வேளச்சேரி, பெரும்பாக்கம் பகுதிகள் வெள்ளத்தில் தத்தளித்தன. பள்ளிக்கரணைக்கு ராம்சார் தகுதி கிடைத்தது 2022-இல்தான். எஞ்சியதைக் காக்க அது உதவும். மறைந்த கால்வாய்களை அது மீட்டுத் தராது.

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதலுக்கென 2007-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அது பொதுப்பணித் துறைப் பொறுப்பில் இருந்த ஏரிகளுக்கானது. நூறு ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ள ஏரிகளும் குட்டைகளும் ஊராட்சி அமைப்புகளின் பொறுப்பு. பட்டா நிலத்தின் ஊடாக ஓடும் சிறு வரத்துக்கால் பல இடங்களில் பதிவேட்டிலேயே தனியாக இல்லை. பதிவில் இல்லாததைத் திட்டம் வரைபவர் காப்பாற்ற முடியாது.

இந்த இணைப்பு முழுவதையும் ஒன்றாகக் கருதிக் காப்பதைத்தான் 'பசுமைக் கட்டமைப்பு' என்கிறார்கள். சாலையையும் மின்பாதையையும் போல இதையும் முதலில் வரைந்துவிட்டு, வீட்டுமனைக்கும் தொழிற்பேட்டைக்கும் பிறகு இடம் ஒதுக்க வேண்டும். பாதிச் சாலை போட்டு யாரும் நிறுத்துவதில்லை. பாதிக் கால்வாயால் மட்டும் என்ன பயன்?

விவசாயிகளின் தயக்கமும் நியாயமானது. 'கட்டடம் கூடாத பகுதி' என்று குறித்துவிட்டால் நிலத்தின் விலை இறங்கும். ஊருக்கெல்லாம் பயன்படும் தண்ணீருக்காக ஒருவர் மட்டும் நஷ்டப்படுவதா? நியூயார்க் நகரம் இதற்கு ஒரு வழி கண்டது. 1997-இல் செய்த உடன்பாட்டின்படி, பெரும் செலவில் வடிகட்டும் ஆலை கட்டுவதற்குப் பதிலாக, தனக்குக் குடிநீர் தரும் கேட்ஸ்கில் மலைப் பகுதியின் நிலத்தையும் பண்ணைகளையும் பாதுகாக்க அந்த நகரம் பணம் கொடுக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்து விவசாயக் கிணறுகளிலிருந்து விலைக்குத் தண்ணீர் எடுத்துப் பழகிய சென்னைக்கு இது புரியாத கணக்கல்ல. நீர் தேங்கும் நிலத்தை வைத்திருப்பவருக்கு ஈட்டுத்தொகை கேட்பது சலுகை கேட்பதாகாது.

நீங்கள் செய்யக்கூடியவை மூன்று. வடகிழக்குப் பருவமழை பெய்யும்போதே, ஊர்ப் பெரியவர்களுடன் கால்வாய் நெடுக நடந்து, தண்ணீர் ஓடும் பாதையைக் கிராம வரைபடத்திலும் புலப்படத்திலும் சர்வே எண்ணோடு குறியுங்கள். வேளாண்மை, வருவாய்த் துறைக் களப் பணியாளர்கள் இதில் துணை நிற்கலாம். அடுத்து, அந்த வரைபடத்தை இணைத்துக் கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். மேல் ஊரும் கீழ் ஊரும் சேர்ந்து தீர்மானம் போட்டால் வலு கூடும். மூன்றாவதாக, வரைவுத் திட்டம் வெளியானால் ஆட்சேபம் தெரிவிக்க, 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி இரண்டு மாதத்துக்குக் குறையாத அவகாசம் தர வேண்டும். அந்த நாளைத் தவறவிடாமல் எழுத்தில் மனுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

திட்டம் இறுதியாகி, மனைக்கு அனுமதியும் கொடுத்த பிறகு நீதிமன்றப் படியேறுவது நீண்ட வேலை. வரைவு நிலையிலேயே ஒரு கோடு சேர்ப்பது எளிது. அந்தக் கோடு எங்கே வர வேண்டும் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.