தலைவர் யாருன்னு கேட்டாங்க, நோட்டு எங்கேன்னு கேக்கலை

போன ஞாயித்துக்கிழமை எங்க ஊர்ல வெள்ளாடு வளர்க்கிறவங்க கூட்டம் போட்டோம். சாயந்தரம் அஞ்சு மணிக்கு ஆரம்பிச்சு ஏழு மணி வரைக்கும் ஒரே பேச்சுதான். அடுத்த தலைவர் யாரு? ரெண்டு பேர் நிக்கிறாங்க, ரெண்டு பேருக்கும் ஆள் இருக்கு. டீ மூணு தடவை வந்துச்சு. ஆனா எந்தக் கிடா எந்தக் கொட்டில்ல நிக்குது, அது எந்தத் தாய் போட்ட குட்டி, அடுத்த வருஷம் எங்க போகணும்னு ஒருத்தரும் கேக்கலை. நானும் கேக்கலை. வீட்டுக்கு வந்து படுத்தா தூக்கம் வரலை. அதான் எழுதுறேன்.

சென்னை, பெங்களூர்னு வெளியூர்ல இருந்து படிக்கிற உங்களுக்குக் கொஞ்சம் விவரம் சொல்லணும். எங்களுது பெரிய சங்கம் எல்லாம் இல்லை. லெட்டர் பேடு கிடையாது, கட்டடம் கிடையாது. இலத்தூரைச் சுத்தி இருக்கிற இருபது இருபத்திரெண்டு வீட்டுக்காரங்க சேர்ந்து, கன்னி ஆட்டை ஒழுங்கா வளர்ப்போம்னு முடிவு பண்ணி ஆரம்பிச்சது. கன்னி ஆட்டுக்குத் தாய்மண் கோவில்பட்டி, சங்கரன்கோவில் கரிசக்காடுதான், எங்க ஊரு நஞ்சை. இருந்தாலும் எங்க அப்பா காலத்துல இருந்து இங்கயும் உண்டு. உடம்பு கறுப்பு, முகத்துல ரெண்டு பக்கமும் கோடு. கோடு வெள்ளையா இருந்தா பால்கன்னி, செவப்பா இருந்தா செங்கன்னி. மழை இல்லாத வருஷமும் தாக்குப் பிடிக்கும், ரெண்டு குட்டி போட்டு ரெண்டையும் காப்பாத்தும்.

ஆனா எடை வேணும்னு தலைச்சேரி கிடாவையும், வேற வேற பெரிய கிடாக்களையும் சேர்த்துச் சேர்த்து, கோடு ஒழுங்கா இருக்கிற ஆடே குறைஞ்சு போச்சு. அதைத் தடுக்கத்தான் இந்தக் குழு.

ஆரம்பிச்சு வச்சவர் எங்க ஊர்ப் பெரியவர் ஒருத்தர். நான் பெரியப்பான்னு கூப்பிடுவேன். ஆட்டைப் பார்த்த உடனே, "ஏல, இது கீழத்தெருவுல நின்ன கிடாவுக்குப் பொறந்ததுல்லா"ன்னு சொல்லிருவாரு. எந்தக் கிடாவை எப்ப மாத்தணும்னு அவரே சொல்லுவாரு. ஒருத்தரும் மறுபேச்சு பேச மாட்டாங்க. கோயில் கொடைக்கு நல்ல விலை கேட்டு வந்த கிடாவைக்கூட, "இது வித்துக் கிடா, வெட்டுக்குக் கொடுக்கக் கூடாது"ன்னு தடுத்து நிறுத்தினவரு. அந்த விலையை விட்டுக்கொடுக்க வைக்கிறதுக்கு ஊர்ல ஒரு மதிப்பு வேணும். அவருக்கு இருந்துச்சு.

எல்லாம் அவர் தலைக்குள்ளதான் இருந்துச்சு. போன தை மாசம் அவர் போயிட்டாரு, கணக்கும் கூடவே போயிருச்சு.

இதுல என் தப்பு ஒண்ணு இருக்கு. குழு ஆரம்பிச்சப்ப, பத்தாவது படிச்சவன், கையெழுத்து நல்லா இருக்கும்னு என்னைத்தான் கணக்கு எழுதச் சொன்னாங்க. எண்பது பக்க நோட்டு ஒண்ணு வாங்கினேன். மூணு பக்கம் எழுதினேன். அப்புறம் நடவு வந்துச்சு, அறுப்பு வந்துச்சு. பெரியப்பாவுக்குத்தான் எல்லாம் தெரியுமே, நாம எதுக்கு எழுதணும்னு விட்டுட்டேன்.

அதுக்குப் பலன் என் கொட்டில்லயே வந்துச்சு. இந்த வருஷம் மூணு பெட்டை ஈன்டுச்சு. பொறந்த குட்டி ஆறு, நின்னது ரெண்டு. மத்ததெல்லாம் சோங்கிப்போய், பால் குடிக்கத் தெம்பு இல்லாமலே போயிருச்சு. டாக்டர் வந்து பார்த்துட்டு ஒரே கேள்விதான் கேட்டாரு: "இதுக்கு அப்பன் எது?" எனக்குச் சொல்லத் தெரியலை. உக்காந்து நாள் கணக்குப் போட்டுப் பார்த்தப்பதான் உறைச்சது. அந்த மூணு பெட்டையும் அதே கிடாவுக்குப் பொறந்ததுகதான். ஒரே ரத்தம் ஆனதாலயும் இப்படி ஆகியிருக்கலாம்னு அவர் சொன்னாரு. ரெண்டு வருஷத்துக்கு மேல ஒரு கிடா ஒரே மந்தையில நின்னா, அது பெத்த பெட்டையே அதுகிட்ட பருவத்துக்கு வந்து நிக்கும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. கிடாவை மாத்துற தேதிதான் எங்கயும் எழுதி வைக்கலை.

கூட்டம் முடிஞ்சு கலையிறப்ப ஒரு பையன் போன்ல அந்தியூர் குதிரைச் சந்தை வீடியோவைக் காட்டினான். ஆடி மாசம் குருநாதசாமி கோயில் திருவிழாவுல நடக்கிற சந்தை. காது ரெண்டும் உள்பக்கம் வளைஞ்சு நுனி தொடுற மாதிரி ஒரு மார்வாரி குதிரை நின்னுச்சு. "மாமா, நம்ம ஊருக்குன்னு ஒரு குதிரை இனம் இருந்திருக்கா?"ன்னு கேட்டான்.

எனக்குத் தென்காசி ரயில்வே ஸ்டேஷன் வாசல் ஞாபகம் வந்துச்சு. நான் சின்னப் பையனா இருந்தப்ப அங்க குதிரை வண்டி வரிசையா நிக்கும். சீசனுக்கு வாறவங்களைக் குத்தாலத்துக்கு ஏத்திட்டுப் போகும். எங்க அப்பா ஒரு தடவை கூட்டிட்டுப் போனாரு. சாரல்ல நனைஞ்சுக்கிட்டே, குதிரை லாடம் தாருல தட்டுற சத்தத்தைக் கேட்டுக்கிட்டே போனது இன்னும் காதுல இருக்கு. குட்டையான குதிரை, மட்டக்குதிரைன்னு சொல்லுவோம். கொள்ளும் புல்லும் தின்னுட்டு நாள் பூரா இழுக்கும். அது எங்க இருந்து வந்துச்சு, எத்தனை தலைமுறையா இங்க இருந்துச்சுன்னு கேட்டா சொல்றதுக்கு இப்ப ஆள் இல்லை. ஆட்டோ வந்துச்சு, மினிபஸ் வந்துச்சு, குதிரை போயிருச்சு.

கர்னால்ல நாட்டு இனங்களைப் பதிவு பண்றதுக்குன்னே ஒரு மத்திய அரசு நிறுவனம் இருக்கு. அவங்க பட்டியல்ல மார்வாரி, கத்தியவாரி, மணிப்புரி, ஸ்பிதி, ஜான்ஸ்காரின்னு குதிரைகள் இருக்கு. தமிழ்நாட்டுக் குதிரைன்னு ஒண்ணுகூட இல்லை. எங்க மட்டக்குதிரை தனி இனமா, இல்லை கலப்படமான்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது. எழுதி வச்சிருந்தா அந்தக் கேள்விக்காவது பதில் இருந்திருக்கும். கன்னி ஆடும் கொடி ஆடும் அந்தப் பட்டியல்ல இருக்கு, சந்தோஷம்தான். ஆனா பட்டியல்ல பேர் இருந்தா மட்டும் கொட்டில்ல ஆடு இருந்திராது.

அந்த மார்வாரி குதிரை கதையைத் தேடிப் படிச்சேன். ஜோத்பூர் பக்கத்துக் குதிரை. போன நூற்றாண்டோட முதல் பாதியில அது நலிஞ்சு போனப்ப ஜோத்பூர் மகாராஜா உம்மேத் சிங் காப்பாத்தினாரு. நல்ல தலைவர்தான். ஆனா சுதந்திரம் வந்து சமஸ்தானமும் ஜாகிரும் போனதும், அரண்மனையை நம்பி நின்ன குதிரைக்கு ஆதரவு போச்சு. எத்தனையோ குதிரையைச் சுட்டாங்க, காயடிச்சாங்க, பொதி சுமக்க விட்டாங்க. குதிரை ஜமீனோட அடையாளமா ஆகிப்போனதால அதுமேலயும் கோபம். அப்புறம் உம்மேத் சிங்கோட பேரன் கஜ் சிங்கும் மத்தவங்களும் எடுத்து நடத்தினாங்க. 2007 கடைசியில முறையான வம்சப் பதிவேடு வேணும்னு திட்டம் போட்டு, 2009ல பதிவு ஆரம்பிச்சது. குதிரையை அளந்து, அடையாளம் எழுதி, போட்டோ எடுத்து, நம்பர் முத்திரை போடுறாங்க. அரண்மனை ஆதரவு போய் அம்பது வருஷத்துக்கு மேல கழிச்சு! அந்த அம்பது வருஷத்துல காணாமப்போன வம்சம் எத்தனைன்னு யாரால சொல்ல முடியும்?

இங்கிலாந்துல இதுக்கு நேர்மாறா ஒரு கதை. கிளீவ்லண்ட் பேன்னு ஒரு வண்டிக்குதிரை. நம்ம குத்தாலம் வண்டி மாதிரி இல்லை, ராணியோட சாரட்டு இழுத்த குதிரை. 1883ல அதுக்கு ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க, 1884ல வம்சப் பதிவேடு அச்சடிச்சாங்க. காரும் டிராக்டரும் வந்து, ரெண்டு உலகப் போரும் முடிஞ்சு, 1962ல பார்த்தா அந்த நாட்டுல சுத்தமான ஆண் குதிரை நாலே நாலுதான் மிச்சம். அமெரிக்காவுக்குப் போக இருந்த மல்கிரேவ் சுப்ரீம்ங்கிற ஆண் குதிரையை எலிசபெத் ராணி வாங்கி, எல்லாரும் தங்க பெட்டைக் குதிரைக்குச் சேர்த்துக்கலாம்னு விட்டாங்க. 15 வருஷத்துல நாலு 36 ஆச்சு.

எல்லாரும் ராணி காப்பாத்தினாங்கன்னு சொல்லுவாங்க, உண்மைதான். ஆனா மிச்சம் நாலுதான்னு எப்படித் தெரிஞ்சது? 1884ல தொடங்கின அந்தப் பதிவேட்டை, தலைவர் மாறினாலும் போர் வந்தாலும் யாரோ ஒருத்தர் விடாம எழுதிட்டு வந்ததாலதான் தெரிஞ்சது. நாலுன்னு தெரிஞ்சதாலதான் ஒண்ணைக்கூட வெளிநாட்டுக்கு விடக் கூடாதுன்னு புரிஞ்சது. அந்த எழுதினவர் பேரு எனக்குத் தெரியாது.

அப்ப தலைவரே வேண்டாமா, நோட்டு மட்டும் போதுமான்னு நீங்க கேக்கலாம். கூட்டத்துலயும் ஒரு அண்ணாச்சி பின்னால அப்படித்தான் கேட்டாரு: "நோட்டா வந்து கிடாவைப் பிடிச்சு நிறுத்தும்?" நியாயமான கேள்வி. கொடை விலையை விட்டுக்கொடுக்க வச்சது பெரியப்பாதான், நோட்டு இல்லை. தலைவர் வேணும். ஆனா ஒரு தலைவர் இருக்கிறப்ப எவ்வளவு நல்லா நடந்துச்சுங்கிறது பாதிக் கணக்குதான். அவர் போன மறுநாள் காலையில எவ்வளவு நடக்குதுங்கிறது மீதிக் கணக்கு. அந்த மீதியில பெரியப்பாவும் தோத்தாரு, அவருக்கு எழுதிக் கொடுக்க வேண்டிய நானும் தோத்தேன்.

இன்னொண்ணு. குதிரைக்குச் சினை பதினோரு மாசம், ஒரு குட்டிதான். அது வளர்ந்து வேலைக்கு வர மூணு நாலு வருஷம். அதோட குட்டி எப்படின்னு பார்க்க எட்டு வருஷம். ரெண்டு வருஷம் பதவியில இருக்கிற தலைவர் எடுக்கிற முடிவோட பலனை அவருக்குப் பின்னால நாலாவதா வர்ற தலைவர்தான் பார்ப்பாரு. ஆடு கொஞ்சம் சீக்கிரம், அவ்வளவுதான் வித்தியாசம். நாட்டுல 2012 கணக்கெடுப்புல 6 லட்சத்துக்கு மேல இருந்த குதிரை, 2019ல சுமார் 3.4 லட்சம் ஆயிருச்சு. ஏழு வருஷத்துல கிட்டத்தட்டப் பாதி. நாம நாற்காலிக்குச் சண்டை போட்டு முடிக்கிற நேரம்கூட ஆகாது போல.

அதனால அடுத்த கூட்டத்துல நான் சொல்லப்போறது இதுதான்.

தலைவர் யாரா வேணா இருங்க, ஆனா ரெண்டு வருஷம்தான். மறுபடியும் உடனே நிக்கக் கூடாது. ஒவ்வொரு தலைவருக்கும் கூடவே ஒரு இளவட்டம் இருக்கணும், அடுத்த தடவை அந்த ஆள் வேலை தெரிஞ்சு வரணும்.

ஒவ்வொரு கிடாவுக்கும் காதுல நம்பர். எந்த வீட்டுல நிக்குது, எப்ப வந்துச்சு, எப்ப போகணும்னு நோட்டுல தேதி. ரெண்டு வருஷம் முடியிறதுக்கு முன்னாலயே வீடு மாத்திரணும். நோட்டு மூணு பிரதி, மூணு வீட்டுல இருக்கட்டும். போன்லயும் போட்டோ எடுத்து வச்சுக்கலாம்.

கிடாவை வெட்டுக்குக் கொடுக்காம வச்சிருக்கிறவருக்குத் தீனிச் செலவு எல்லாரும் சேர்ந்து கொடுக்கணும். தியாகம் பண்ணுன்னு ஒருத்தர்கிட்ட மட்டும் சொன்னா, ரெண்டு கொடைக்குத் தாங்குவாரு, மூணாவது கொடைக்கு வித்துருவாரு. அதுல தப்பும் இல்லை.

கடைசியா, ஆடு மேய்க்கிறது பாதி வீட்டுல பொம்பளைங்கதான். எந்தப் பெட்டை எந்தக் கிடாவுக்கு நின்னுச்சுன்னு அவங்களுக்குத்தான் தெரியும். போன கூட்டத்துல அவங்க ஒருத்தரும் இல்லை, டீ கொடுத்துட்டுப் போயிட்டாங்க. அவங்க இல்லாம எழுதுற நோட்டு பாதிப் பொய்யாத்தான் இருக்கும்.

உங்ககிட்டயும் ஒண்ணு கேக்கணும். நாட்டு ஆடு, நாட்டு மாடு, நாட்டு நாய்னு ஆசைப்பட்டு ஊருக்கு வாறீங்க. வந்ததும் கோடு சரியா இருக்கா, விலை என்னன்னு மட்டும் கேக்குறீங்க. அடுத்த தடவை, "இதோட அப்பன் எது? எழுதி வச்சிருக்கீங்களா?"ன்னு கேளுங்க. எழுதி வச்சிருக்கிறவருக்கு நூறு ரூபா கூடக் கொடுங்க. நாங்க எத்தனை கூட்டம் போட்டாலும் வராத மாத்தம், வாங்குறவங்க கேக்குற ஒரு கேள்வியில வந்துரும்.

அந்தப் பழைய எண்பது பக்க நோட்டைத் தேடி எடுத்துட்டேன். பரண்ல இருந்துச்சு, ஓரம் எல்லாம் கரையான். நாலாவது பக்கத்துல இருந்து திரும்ப ஆரம்பிச்சிருக்கேன். முதல்ல எழுதினது என் கொட்டில் கணக்குதான்: மூணு பெட்டை, ஒரே கிடா, ஆறு குட்டி, மிச்சம் ரெண்டு. அடுத்த கூட்டத்துல நாற்காலியைப் பத்திப் பேசுறதுக்கு முன்னால இந்தப் பக்கத்தை வாசிச்சுக் காட்டணும். வெக்கமாத்தான் இருக்கும். இருந்தாலும் வாசிப்பேன்.