ராத்திரி வரும் புரூஃப்

கார்த்திகை பிறந்துவிட்டால் சென்னைப் பதிப்பகக்காரர்களுக்குத் தூக்கம் போய்விடும். 1977-இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சியை நம்பித்தான் இன்று தமிழில் பெரும்பாலான புத்தகங்கள் வெளியாகின்றன. ஆண்டு முழுவதும் பரவலாக வர வேண்டியவை ஒரே மாதத்தில் அச்சகத்தின் வாசலில் வந்து நிற்கின்றன. எழுத்தாளர் கைப்பிரதியைத் தாமதமாகக் கொடுப்பார், அட்டை ஓவியம் தாமதமாக வரும், முன்னுரை எழுத ஒப்புக்கொண்டவர் ஊரில் இருக்க மாட்டார். காட்சி தொடங்கும் தேதி மட்டும் தள்ளிப்போகாது. எல்லாருடைய தாமதமும் கடைசியில் விடிவது மெய்ப்பு பார்ப்பவர் தலையில். இருநூறு பக்கம் ராத்திரி பிடிஎஃப்பாக வந்து சேரும். “காலையில பிரஸ்ஸுக்குப் போகணும் சார், ஒரு தடவை கண்ணை ஓட்டிடுங்க” என்பார்கள்.

கண்ணை ஓட்டினால் பிழை அகப்படாது. கதை படிக்கிற கண் பொருளைத் தேடி ஓடும். சொல்லில் ஓர் எழுத்து குறைந்தாலும் தானே நிரப்பிக்கொள்ளும். மெய்ப்பு பார்க்கிற கண் எழுத்துக்கு எழுத்து நிற்க வேண்டும். ‘மரம்’ என்ற சொல்லில் ரகரத்துக்குப் பதில் துணைக்கால் விழுந்தால் ‘மாம்’ ஆகிவிடும். அச்சில் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே உருவம். பழைய நூல்களை ஸ்கேன் செய்து மென்பொருள் வழியாக எழுத்தாக்கும்போது இந்தப் பிழை கொத்துக் கொத்தாக வருகிறது. ‘கூறிய கத்தி’ இன்னும் மோசம். ‘கூறிய’ என்பதும் சரியான சொல்தானே, பிழைதிருத்திச் செயலி எப்படிப் பிடிக்கும்? வாக்கியம் புரிந்து படிக்கும் ஒரு மனிதர்தான் அங்கே பேனாவை வைப்பார். அந்த மனிதர் நூலாசிரியராக இருந்தால் போதாது. தன் வரிகள் அவருக்கு மனப்பாடம். தாளில் இருப்பதைவிடத் தான் எழுத நினைத்ததே அவர் கண்ணுக்குத் தெரியும். ஆசிரியர் மட்டும் பார்த்த புரூஃபை நான் பார்க்காத புரூஃபாகவே கணக்கில் வைப்பேன்.

ஈய எழுத்துகளைக் கையால் கோத்த காலத்தில் இந்த வேலைக்கு ஓர் அளவு இருந்தது. முதலில் நீளத் தாளில் கேலி புரூஃப் வரும். அதைத் திருத்திக் கொடுத்ததும் பக்கம் கட்டிப் பேஜ் புரூஃப். புத்தகம் முழுவதையும் கோத்து வைக்கும் அளவுக்குச் சிறிய அச்சகங்களில் எழுத்து இருக்காது. பதினாறு பக்கம் கொண்ட ஒரு பாரம் அச்சேறியதும் அந்த எழுத்துகளைக் கலைத்து, அதனதன் அறையில் திரும்பப் போட்டு, அடுத்த பாரத்தைக் கோப்பார்கள். ஆகவே புரூஃபும் பாரம் பாரமாகத்தான் வந்தது. ஒருவர் மூலப்பிரதியை, காற்புள்ளி முற்றுப்புள்ளி உட்பட, வாய்விட்டுப் படிப்பார். மற்றவர் புரூஃபில் விரல் வைத்துக்கொண்டே போவார். ஒரு வரி தாவிப்போயிருந்தால் அந்த இடத்திலேயே குட்டு வெளிப்பட்டுவிடும். இன்றைக்கு மூலத்தோடு ஒப்புநோக்குவது அநேகமாக நின்றே போய்விட்டது.

அச்சான பாரத்தில் பிழை தெரிந்தால் திருத்த வழியில்லை, எழுத்தே கலைந்திருக்கும். அதனால்தான் பழைய புத்தகங்களின் கடைசியில் பக்கம், வரி, பிழை, திருத்தம் என்று கட்டம் போட்ட பட்டியல் இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை பிறக்கிறது. எல்லாம் அச்சான பிறகும் ஒருவர் முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்திருக்கிறார்.

உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது அவருக்கு உத்தியோகம் கும்பகோணம் கல்லூரியில், அச்சகம் சென்னையில். பாடம் நடத்துவதற்கு நடுவேயும் விடுமுறையிலும்தான் அந்த வேலை நடந்தது. 1887-இல் புத்தகம் வந்ததும் அவர் கை ஓயவில்லை. 1907-இல் இரண்டாம் பதிப்பு, 1922-இல் மூன்றாம் பதிப்பு. ஒரே நூலுக்கு முப்பத்தைந்து ஆண்டுகள்! நம்முடைய ‘இரண்டாம் பதிப்பு’களில் பலவும் அதே கோப்பு, அதே பிழைகள், மாறிய விலை. இப்போது முந்நூறு பிரதி, நூறு பிரதி என்று தேவைக்கேற்ப அச்சடிக்கிறோம். ஒவ்வொரு முறையும் திருத்த வாய்ப்பு கிடைக்கிறது. வாசகர் எழுதி அனுப்பிய பிழைகளை ஒரு கோப்பில் சேர்த்து வைக்கும் பதிப்பகம் எத்தனை இருக்கும்?

கணினி வேறு வகைப் பிழைகளையும் கொண்டுவந்திருக்கிறது. பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததை யூனிகோடுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் பிரிந்து நிற்கும். ‘ஔவை’யை ஒகரமும் ளகரமுமாகத் தனித்தனியே அடித்து ‘ஒளவை’ என்று வைத்திருப்பார்கள். தாளில் வித்தியாசம் தெரியாமல் போகலாம். மின்னூலில் ஔவை என்று தேடுகிற மாணவிக்கு ஒன்றும் அகப்படாது. இது பிழையே இல்லை என்று வாதாடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது பெரிய பிழை. நூலில் இருக்கும் ஒன்றை அது இல்லாததாக்கிவிடுகிறது.

திருத்தமே புதுப் பிழைக்கு வாசல் திறப்பதும் உண்டு. விட்டுப்போன ஒரு சொல்லைச் சேர்த்தால் பத்தி நீளும், கடைசி வரி அடுத்த பக்கத்துக்குப் போகும், பொருளடக்கத்தில் கொடுத்த பக்க எண் பொய்யாகும். இரண்டாம் புரூஃபில் திருத்திய சொல்லை மட்டும் பார்த்து டிக் போடுகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். திருத்தம் விழுந்த பத்தி முழுவதையும் படிக்க வேண்டும், பக்க எண்ணை மறுபடி சரிபார்க்க வேண்டும். அதற்கு இன்னொரு நாள் வேண்டும். அந்த நாளைத்தான் நாம் கொடுப்பதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிப்புகளில் பிரதியைப் பரிசோதித்தவர் பெயர் முகப்பிலேயே இருக்கும். ஆறுமுக நாவலரின் பெயர் இருந்தால் நம்பி வாங்கலாம் என்ற நிலை இருந்தது. இன்று மெய்ப்பு பார்த்தவர் பெயரைப் பதிப்பு விவரப் பக்கத்தில் போடுகிறவர்கள் சிலரே. பெயர் போட்டால் அவருக்குப் பொறுப்பு கூடும், அடுத்த நூலுக்கு யாரைக் கூப்பிடலாம் என்று மற்றவர்களுக்கும் தெரியும். கூலியையும் பேசி முன்கூட்டியே கொடுக்கலாம். பக்கத்துக்கு இவ்வளவு என்று சொல்லிவிட்டு, காட்சி முடிந்து கணக்கு பார்க்கும் வரை காக்க வைப்பது நியாயமில்லை. ஜனவரிக்கு வர வேண்டிய நூலின் கைப்பிரதியை ஆவணியிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். புரட்டாசியில் முதல் புரூஃப், ஐப்பசியில் இரண்டாவது. அதற்குள் தராத எழுத்தாளரின் புத்தகம் சித்திரையில் வரட்டும்.