வெயில் மேல பழி போடாதீங்க சார்!

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. மார்ச் கணக்கு முடிப்பு, ஆடிட், நடுவில் ஊருக்கு ஒரு நடை என்று வண்டி ஓடிக்கொண்டே இருக்கிறது. இன்றைக்கு உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம் கோபம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் "என்ன இப்படிப் பொங்கிட்டீங்க" என்று கேட்கக் கூடாது :-)

2025 ஏப்ரல். விருதுநகர் பங்குனிப் பொங்கலுக்குப் போய்விட்டு லிங்கராஜபுரம் திரும்பிக்கொண்டிருந்தோம். சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் தாண்டி ஓசூரும் தாண்டியாச்சு. அத்திபெலே வரும்போது சாயங்காலம் ஐந்தரை மணி. சூரியன் நேர் எதிரே. என் வண்டியின் டேஷ்போர்டு அதற்கு ஒரு வருஷத்துக்கு முன்பிருந்தே எண்ணெய் தடவின மாதிரி பிசுபிசுவென்று மின்னிக்கொண்டிருந்தது. அந்த மினுமினுப்பு முன் கண்ணாடியில் விழுந்து ஒரு வெள்ளைத் திரை போட்ட மாதிரி ஆகிவிட்டது. "என்னங்க!" என்று வீட்டம்மா கத்தின கத்தலில் பிரேக்கை மிதித்தேன். திரைக்கு அந்தப் பக்கம் ஒரு மொபெட். ஓட்டுகிறவர், பின்னால் ஒரு அம்மா, அவர் மடியில் ஒரு குழந்தை. நாலடி தூரம் இருந்திருக்கும். அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்கள். எனக்குத்தான் லிங்கராஜபுரம் மேம்பாலம் வரும்வரை கை நடுக்கம் நிற்கவில்லை.

கார் உள்ளே பிளாஸ்டிக் உருகுவது, வெடிப்பது, ஒட்டுவது எல்லாம் ஏதோ அழகு சம்பந்தப்பட்ட விஷயம், பணக்காரக் கவலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அந்த நினைப்பு போய்விட்டது.

கதையை முதலிலிருந்து சொல்கிறேன். வண்டி வாங்கினது 2020 ஜனவரி. விலை ஒன்பது லட்சத்துச் சொச்சம். கூடுதல் பணம் கட்டி வாரண்டியை ஐந்து வருஷமாக நீட்டிக்கொண்டேன் (பேங்க்காரன் புத்தி). 2024 ஏப்ரலில் பெங்களூரில் வெயில் கொளுத்தினது நினைவிருக்கும். அந்த மாதம்தான் டேஷ்போர்டு விரலில் ஒட்ட ஆரம்பித்தது. தூசு உட்கார்ந்தால் துணியால் துடைக்க முடியவில்லை, துணியின் நூல்தான் டேஷ்போர்டில் ஒட்டியது. கூரைத் துணி பின் சீட்டுக்கு மேலே தொங்க ஆரம்பித்தது. வாரண்டி இன்னும் ஒன்பது மாதம் பாக்கி. தைரியமாக சர்வீஸ் சென்டருக்குப் போனேன்.

அங்கே இருந்த தம்பி ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார். "சார், இது மேனுஃபேக்சரிங் டிஃபெக்ட் இல்ல சார், கிளைமேட் ப்ராப்ளம். நீங்க ஷேட்ல நிறுத்தணும் சார்." கையேட்டைப் பிரித்துக் காட்டினார். வெயில், வெப்பம் போன்ற சுற்றுச்சூழல் காரணங்களால் வரும் சேதத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை. அதற்கு அடுத்த வரியையும் படித்தேன். மரப் பிசின், பறவை எச்சம் ஆகியவற்றால் வரும் சேதத்துக்கும் பொறுப்பில்லை.

புரிகிறதா? வெயிலில் நிறுத்தினால் வெயில். நிழலில் நிறுத்தினால் காக்கா எச்சம். இரண்டும் வாரண்டியில் சேராது. அப்புறம் எங்கே நிறுத்துவது, பீரோவுக்குள்ளா?

புது டேஷ்போர்டுக்கு எஸ்டிமேட் 58,000 ரூபாய். இன்சூரன்ஸ்காரரைக் கேட்டேன். அவர் சிரித்தே விட்டார். தேய்மானமும் இயல்பான பழுதும் பாலிசியில் கிடையாது. சரி, அவர் சொன்னதில் தப்பில்லை. விபத்தே நடந்தாலும் நம் ஊர் மோட்டார் பாலிசியில் கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிப்பதில்லை; ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்களுக்கு எடுத்த எடுப்பிலேயே 50 சதவீதம் பிடிப்பார்கள் (தனியாகக் காசு கட்டி ஜீரோ டெப் எடுத்திருந்தால் ஒழிய). அதாவது இந்த பிளாஸ்டிக்கின் யோக்கியதை என்ன என்பது இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எப்போதோ தெரியும். நமக்குத்தான் ஷோரூமில் "சாஃப்ட் டச் சார், ப்ரீமியம் ஃபீல் சார்" என்று தொட்டுக் காட்டுகிறார்கள்.

இனி அந்த 'கிளைமேட் ப்ராப்ளம்' வாதத்துக்கு வருகிறேன். நான் பி.காம். படித்தவன், கெமிஸ்ட்ரி தெரியாது. ஆனால் கோபம் வந்தால் படிப்பேன்.

சாத்தின காருக்குள் வெயில் கண்ணாடி வழியாக உள்ளே வருகிறது. டேஷ்போர்டும் சீட்டும் அதைக் குடித்துச் சூடாகின்றன. அந்தச் சூட்டைத் திரும்ப வெளியே விடக் கண்ணாடி சம்மதிப்பதில்லை, காற்றும் வெளியே போக வழியில்லை. 2005-ல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த மருத்துவர்கள் இதை அளந்து வெளியிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் உள்ளே சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறுகிறது. அதில் 80 சதவீதம் முதல் அரை மணியிலேயே ஏறிவிடுகிறது. ஜன்னலை ஒரு விரற்கடை இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. முக்கியமான விஷயம், வெளியே 22 டிகிரி இருந்த நாளிலும் ஏறக்குறைய இதே ஏற்றம்தான். "பெங்களூர்ல என்ன சார் பெரிய வெயில்" என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில். நம் காற்று குளிர்ச்சியாக இருக்கலாம், மேலே இருந்து விழுகிற வெயில் குளிர்ச்சி இல்லை. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டரில் இருக்கிறோம், புற ஊதாக் கதிர் இங்கே சமவெளியைவிடக் கூடத்தான். தவிர, பெங்களூரே 2016 ஏப்ரலில் 39.2 டிகிரியைப் பார்த்த ஊர்.

2018-ல் அரிசோனாவில் இன்னொரு ஆய்வு வந்தது. கடும் கோடையில் ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற கார்களில் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி. ஸ்டியரிங் 53, சீட் 51. நிழலில் நின்ற கார்களில் டேஷ்போர்டு 48 டிகிரி. இருபத்தோரு டிகிரி வித்தியாசம். வெப்பம் 10 டிகிரி ஏறினால் ரசாயன மாற்றத்தின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. அப்படியானால் வெயிலில் நிற்கிற பிளாஸ்டிக்கின் ஆயுள் நாலு மடங்கு வேகத்தில் கரைகிறது. எங்கள் பாஷையில் சொன்னால் கந்துவட்டி.

கரைவது எது? பிவிசி என்பது இயல்பில் விறைப்பான சாமான். தண்ணீர்க் குழாயும் அதுதான். அதை மெத்தென்று ஆக்க எண்ணெய் மாதிரி ஒரு பொருளைக் கலக்கிறார்கள். சூட்டில் அது மேலே கசிந்து வருகிறது. மேலே வந்தால் பிசுபிசுப்பு. ஆவியாகி முன் கண்ணாடியின் உட்புறம் படிந்தால் அந்தத் துடைக்கத் துடைக்கப் போகாத எண்ணெய்ப் பூச்சு. எல்லாம் போனபிறகு மிச்சம் வெடிப்பு. கூரைத் துணிக்குப் பின்னால் இருக்கிற மெல்லிய ஸ்பாஞ்ச் சூட்டிலும் ஈரத்திலும் பொடிந்துபோகிறது, துணி தொங்குகிறது.

ஆக அந்தத் தம்பி சொன்னது பாதி உண்மை. நிழல் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் லிங்கராஜபுரத்தில் நிழல் எங்கே இருக்கிறது? 30-க்கு 40 சைட்டில் நாலு மாடி கட்டி, கீழே இரண்டு ஸ்கூட்டர் நிற்க இடம். மிச்சப் பேர் எல்லாரும் தெருவில்தான். எங்கள் தெருமுனையில் ஒரு புங்கமரம் இருக்கிறது. அதன் அடியில் இடம் பிடிக்கக் காலை ஆறு மணிக்கே போட்டி. கார் விற்கிறவருக்கு இந்த ஊரும் தெரியும், இந்தத் தெருவும் தெரியும். நிழல் இருந்தால்தான் தாங்கும் என்றால் அதை விற்கும்போதே சொல்ல வேண்டாமா?

தாங்குகிற மாதிரி செய்ய முடியாதா என்றால், முடியும். காருக்கு உள்ளே போடும் பொருள்களைப் பல பத்தாண்டுகளாக அரிசோனா பாலைவனத்திலும் புளோரிடா வெயிலிலும் வைத்துச் சோதிக்கிறது இந்தத் தொழில். துபாயிலும் மஸ்கட்டிலும் இருக்கிற நம் சொந்தக்காரர்களைக் கேளுங்கள், அங்கே 'ஜிசிசி ஸ்பெக்' என்று அந்த வெயிலுக்காகவே ஏ.சி.யும் ரேடியேட்டரும் பலப்படுத்தின வண்டி வரும். வெயில் அவர்களுக்குப் புது விருந்தாளி இல்லை. கூப்பிட்டு உட்கார வைத்துக் கணக்குப் போட்டவர்கள்தான்.

பொறுப்பு ஏற்றதற்கும் முன்னுதாரணம் உண்டு. அமெரிக்காவில் இதே போல் ஒட்டின, வெடித்த டேஷ்போர்டுகளுக்காக டொயோட்டா 2014-15 வாக்கில் சில மாடல்களுக்கு வாரண்டியை நீட்டி மாற்றிக் கொடுத்தது. புளோரிடாவில் நிஸ்ஸான் மீது உரிமையாளர்கள் கூட்டாக வழக்கே போட்டார்கள், சமரசத்தில் முடிந்தது. அங்கே அவர்கள் முக்கியமாகச் சொன்ன புகார் என்ன தெரியுமா? முன் கண்ணாடியில் விழும் கூச்சம். அத்திபெலேயில் நான் பார்த்த அதே வெள்ளைத் திரை. புளோரிடா வெயிலில் உருகினால் கம்பெனி பொறுப்பு, பெங்களூர் வெயிலில் உருகினால் கிளைமேட் பொறுப்பு. நல்ல நியாயம்.

"காசுக்கேத்த தோசை" என்பார் ஒரு நண்பர். ஒன்பது லட்சத்துக்கு இதுதான் கிடைக்கும் என்கிறார். சரி சார், தோசை சின்னதாக இருக்கலாம், ஊசிப்போகலாமா? விலைக்கேற்ற மாதிரி கெட்டி பிளாஸ்டிக்கே போடட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? தட்டினால் டக்கு டக்கென்று சத்தம் வருகிற டேஷ்போர்டு என் கண்ணை மறைக்காது.

இப்போது நம் பங்குக்கு வருகிறேன். ஊரார் மேல் மட்டும் பழி போட்டால் அழகில்லை. ஷோரூமில் வெளிர் நிறமும் இருந்தது, கறுப்பும் இருந்தது. "கறுப்புதான் ஸ்போர்ட்டி" என்று பையன் சொன்னான், நானும் தலையாட்டினேன். வெயில் நாட்டுக்காரன் காருக்குள் தலை முதல் கால் வரை கறுப்பைக் கேட்டு வாங்குவது எவ்வளவு பெரிய முட்டாள்தனம்! அந்தக் காலத்து அம்பாசடர் சீட்டில் வெள்ளை டர்க்கி டவல் விரித்திருந்தவர்கள் நம்மைவிட விவரமானவர்கள். அப்புறம் அந்த பாலிஷ். வழவழவென்று மின்னினால்தான் சுத்தம் என்று சிலிகான் எண்ணெயைப் பூசி, இருக்கிற கூச்சத்தை இரட்டிப்பாக்குகிறோம். எந்தக் காரணம் கொண்டும் அதைப் போடாதீர்கள்.

ஃபிலிம் ஒட்டலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கார் கண்ணாடியில் எந்த ஃபிலிமும் ஒட்டக் கூடாது என்று உத்தரவிட்டது. காரணம் வெயில் அல்ல, குற்றங்கள். அதற்குப் பிறகு மோட்டார் வாகன விதி 100 திருத்தப்பட்டு 2021 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. அதை வைத்து, முன்னும் பின்னும் 70 சதவீதம், பக்கவாட்டில் 50 சதவீதம் வெளிச்சம் புகுந்தால், தர நிர்ணயத்துக்கு உட்பட்ட ஃபிலிம் ஒட்டலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் சொன்னது. ஒட்டுவதானால் தரச் சான்றும் பில்லும் வண்டியிலேயே இருக்கட்டும். கறுப்புத்தான் குளிர்ச்சி என்பது மூடநம்பிக்கை. வெளிச்சத்தை விட்டுச் சூட்டை மட்டும் தடுக்கிற தெளிவான வகைகளும் உண்டு. ஒன்றும் வேண்டாம் என்றால் சில நூறு ரூபாய்க்கு முன் கண்ணாடிக்கு வைக்கிற வெள்ளித் தட்டி வாங்குங்கள். நான் ஐந்து வருஷம் கழித்து வாங்கினேன்.

எல்லாவற்றையும்விட முக்கியம், "ரெண்டே நிமிஷம்" என்று குழந்தையைச் சாத்தின காரில் விட்டுவிட்டு இறங்காதீர்கள். பிளாஸ்டிக்குக்கே இந்தக் கதி என்றால் பிஞ்சு உடம்பு என்ன ஆகும்?

கடைசியாக, செய்ய வேண்டியது. பிசுபிசுப்பு ஆரம்பித்த அன்றே தேதியோடு போட்டோ எடுங்கள். வாய்ப் பேச்சு வேண்டாம், எழுத்தில் புகார் கொடுங்கள், எழுத்தில் பதில் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கிற ஊரிலேயே மனு போடலாம், கம்பெனி இருக்கிற ஊருக்கு அலைய வேண்டாம். வக்கீல் கட்டாயமில்லை. பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, ஐந்திலிருந்து பத்து லட்சம் வரை 200 ரூபாய். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். நம்மில் பாதிப் பேர் கோட்டை விடுவது இதில்தான்.

நான் 200 ரூபாய் கட்டி 2025 மே மாதம் மனு போட்டுவிட்டேன். விசாரணை நடக்கிறது, அதனால்தான் கம்பெனி பேரை இங்கே சொல்லவில்லை. 58,000 கிடைக்குமா, தெரியாது. லாப நஷ்டக் கணக்குப் பார்த்தால் லீவு போட்ட நாட்களுக்கே அது சரியாகிவிடும். ஆனால் அந்த மொபெட்டின் பின்னால் இருந்த குழந்தைக்கு நான் என்ன கணக்கு எழுதுவது?

வெயில் நமக்கு முன்னாலேயே இந்த மண்ணில் இருக்கிறது. வண்டி விற்க வந்தவர்கள்தான் பிறகு வந்தார்கள். பிறகு வந்தவர்தான் அனுசரித்துப் போக வேண்டும். வெளியூரில் வாடகை வீட்டில் குடியிருக்கிற நமக்கு இந்த நியாயத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பி.கு.: தொங்குகிற கூரைத் துணியை இப்போதைக்கு வீட்டம்மா குண்டூசி குத்தி நிறுத்தி வைத்திருக்கிறார். அந்தக் குண்டூசிக்கு வாரண்டி கேட்டேன், முறைத்தார் :-)