கணினி கையளித்த பிறகு என்ன?

பாடசாலைகளுக்குக் கணினிகள் கையளிக்கும் வைபவங்கள் எமது ஊர்களுக்குப் புதியவையல்ல. பொன்னாடை போர்த்தப்படும், புகைப்படம் எடுக்கப்படும், செய்தியும் வெளியாகும். மூன்று வருடங்களின் பின்னர் அந்தக் கணினி அறை திறக்கப்படுகிறதா என்று விசாரிப்பவர்கள்தான் குறைவு. பின்தங்கிய மக்களிடம் கல்வியையும் தொழில்நுட்பத்தையும் கொண்டுசெல்லும் முயற்சி வென்றதா, தோற்றதா என்பது அப்போதுதான் தெரியவரும்.

பங்களாதேஷின் அனுபவம் இவ்விடயத்தில் கவனிக்கத்தக்கது. அந்நாட்டின் வடமேற்கிலுள்ள சலன் பீல் பிரதேசம் மழைக்காலத்தில் மாதக்கணக்கில் நீரில் மூழ்கிவிடும். பாதைகள் மறையும், பிள்ளைகளின் படிப்பு தடைப்படும். அப்பகுதியைச் சேர்ந்த கட்டடக் கலைஞரான முஹம்மத் ரிஸ்வான், 1998இல் சுமார் 500 டொலர் பணத்துடன் ஷிதுலாய் என்ற அமைப்பை ஆரம்பித்தார். பிள்ளைகளால் பாடசாலைக்கு வர முடியாவிட்டால் பாடசாலை அவர்களிடம் போக வேண்டும் என்பதே அவரது சிந்தனை. 2002இல் முதலாவது படகுப் பாடசாலை இயங்கத் தொடங்கியது.

படகு கரையோரக் கிராமங்களுக்குச் சென்று மாணவர்களை ஏற்றிக்கொள்கிறது. பின்னர் ஓரிடத்தில் நிறுத்தப்பட்டு, அதனுள்ளேயே வகுப்பு நடக்கிறது. முடிந்ததும் பிள்ளைகளை அவரவர் இடத்தில் இறக்கிவிடுகிறது. கூரையிலுள்ள சூரிய மின்தகடுகள் கணினிக்கும் விளக்குக்கும் மின்சாரம் தருகின்றன. நூலகப் படகுகளும் விவசாயிகளுக்கான பயிற்சிப் படகுகளும் பிற்காலத்தில் சேர்ந்தன. இங்கே தொழில்நுட்பம் தனியாக வந்திறங்கவில்லை. ஆசிரியர், நேரசூசி, போக்குவரத்து ஆகியவற்றோடு சேர்ந்தே வந்தது. படகும் அவ்வூர் மக்கள் கட்டவும் பழுதுபார்க்கவும் அறிந்த மரப்படகுதான்.

கேட்ஸ் மன்றம் 2005இல் இவ்வமைப்புக்கு 10 இலட்சம் டொலர் பெறுமதியான விருதை வழங்கியது. அதே விருது 2014இல் இலங்கையின் நெனசல திட்டத்துக்கும் கிடைத்தது. விகாரைகள், பள்ளிவாசல்கள், நூலகங்கள் எனப் பல இடங்களில் நூற்றுக்கணக்கான நிலையங்களை அமைத்த அரச திட்டம் அது. ஆயினும் 2021இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பதுளை மாவட்டத்தின் பின்தங்கிய கிராமமொன்றின் பிள்ளைகள் இணைய சமிக்ஞை தேடிக் காட்டுக்குள் உயரமான பாறைக்கு நடக்க வேண்டியிருந்தது. நிலையங்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்து, கடைசிக் கிராமத்துப் பிள்ளைக்கும் கல்வி சென்றடைந்துவிட்டது என்று திருப்திப்பட முடியாது என்பதை அது உணர்த்தியது.

பாடசாலை அபிவிருத்தியில் பழைய மாணவர் சங்கங்களும் பள்ளிவாசல் நிர்வாக சபைகளும் வெளிநாடுகளில் வாழும் எமது சகோதரர்களும் தாராளமாகவே உதவுகின்றனர். அவர்களுடைய எண்ணத்தில் குறையில்லை. ஆனால் பணம் கொடுக்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்பது நல்லது. பாடசாலை முடிந்த பின்னர் அறையைத் திறந்து வைத்திருப்பவர் யார்? இணையக் கட்டணத்தையும் திருத்தச் செலவையும் யார் செலுத்துவது? மாலையில் வெளியே வர முடியாத மாணவிக்கும், தொழிலுக்குச் செல்லும் இளைஞனுக்கும் ஏற்ற நேரம் ஒதுக்கப்பட்டுள்ளதா?

விடை இல்லாத இடத்தில் இருபது கணினிகளைவிட, ஐந்து கணினிகளும் மாதச் சம்பளம் பெறும் ஒரு பயிற்றுவிப்பாளரும் அதிகம் சாதிப்பர். அந்தச் சம்பளத்துக்கு ஒரு கடையின் வாடகையை நிரந்தரமாக ஒதுக்கலாம். அதற்குத் திறப்பு விழா இருக்காது. ஆனால் ஒவ்வொரு வருடமும் பயன்பெற்று வெளியேறும் மாணவர்கள் இருப்பார்கள்.